ஆலங்குளத்து மாமாவுக்கு ஒரு வாய்

வடிவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்குக் காலையிலும் சோறுதான். நான் மில்லுக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டே, "இட்லி கல்லு மாதிரி இருக்கு, உளுந்தக் கொறச்சிட்டியா?" என்று கேட்டேன். அவள் திரும்பவில்லை. "ம்" என்றாள். அவ்வளவுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

இந்த இடம் எப்படி என்று நீ கேட்டாயே தாயி, அதற்குத்தான் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன். அவசரப்படாதே. சிஸ்டர் உன்னைக் கூப்பிட இன்னும் நேரமிருக்கிறது. நீ உன் பிள்ளையை இங்கே சேர்க்கலாமா என்று பார்க்க வந்திருக்கிறாய். நான் என் பிள்ளையை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறேன். இன்றைக்கே. காலையில் வந்ததும் சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். "மத்தியானச் சாப்பாடு முடியட்டும் அண்ணாச்சி, புள்ளய வெறும் வயித்தோட எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க" என்றாள். சரி, அவன் சாப்பிட்டு வரட்டும் என்றுதான் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். யாரும் தடுக்க முடியாது.

நீ பிஸ்கட்டை டீயில் நனைத்துப் பாப்பாவுக்கு ஊட்டுகிறாய் பார், அதைப் பார்த்துத்தான் உன்னிடம் பேச வேண்டும் என்று தோன்றியது. ஊட்டு, ஊட்டு. பெற்றவள் ஊட்டாமல் வேறு யார் ஊட்டுவார்கள்?

அன்றைக்குப் பதினோரு மணி போல அடுத்த வீட்டுப் பையன் மில்லுக்கு ஓடிவந்தான். மிஷின் சத்தத்தில் அவன் சொன்னது கேட்கவில்லை. மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன், பாதியில் நிறுத்த முடியாது. பையன் என் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் பெல்ட்டைத் தள்ளிவிட்டுப் போனேன். வடிவு சுவரில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரியே இருந்தாள். தட்டில் பாதிச் சோறு இருந்தது. அவன் எதிரில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். அடுத்த வாய்க்கு. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தானோ, யாருக்குத் தெரியும்? அவளைக் குளிப்பாட்டும்போது என் மகள் இசக்கிதான் அந்தக் கையைக் கழுவினாள். சோறு காய்ந்து விரலோடு ஒட்டிப்போயிருந்தது. ஊறவைத்துக் கழுவினாள்.

என் பிள்ளை பேர் கொம்பையா. என் அப்பா பேர். மாமனார் பேரை வடிவு சொல்ல மாட்டாள், "ராசா" என்றுதான் கூப்பிடுவாள். பதினாறு வயது. பேச்சு கிடையாது. நடப்பான், சிரிப்பான், மில் சத்தம் என்றால் அவனுக்கு உயிர். மாவு மூட்டை மேல் உட்கார்ந்து மிஷினோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருப்பான். பிறந்து கொஞ்ச நாளிலேயே திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், மூளை வளர்ச்சி இவ்வளவுதான் என்று. சரி என்று வாங்கிக்கொண்டோம். நான் ஒரு நாளும் அதற்காக அழுததில்லை. அவனுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சாப்பாடுதான் பெரிய வேலை. அவனுக்குச் சும்மா வாயில் வைத்துவிட முடியாது. ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு பேர் சொல்ல வேண்டும். முதல் வாய் மாடசாமிக்கு. இரண்டாவது தாத்தாவுக்கு. மூன்றாவது ஆலங்குளத்து மாமாவுக்கு. அப்புறம் இசக்கி அக்காவுக்கு, பால்காரருக்கு, போஸ்டில் ஏறும் லைன்மேனுக்கு, மல்லி அரைக்க வரும் குண்டு அத்தைக்கு, முக்கு வீட்டு ஆட்டுக்குட்டிக்கு. இப்படியே போய்க் கடைசியில் அப்பாவுக்கு. அதற்குள் அவனுக்கு வயிறு நிறைந்துவிடும். முகத்தைத் திருப்பிக்கொள்வான். பெரும்பாலும் அப்பாவுக்கு வராது. "என்னயக் கொஞ்சம் முன்னால தள்ளேன், ஆட்டுக்குட்டிக்குப் பின்னாலயா நானு?" என்று ஒரு நாள் கேட்டேன். "வரிச மாறுனா வாயத் தொறக்க மாட்டான்" என்றாள். சிரிக்காதே தாயி. எனக்கு அது சிரிப்பாக இல்லை.

அந்த ஆலங்குளத்து மாமா யாரென்று சொல்கிறேன். வடிவின் அண்ணன், சின்னத்துரை. அவன் மகள் சடங்குக்கு வடிவு போனாள். காலையில் ஊட்டிவிட்டுப் போனவள் மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்றாள். வரவில்லை. பிள்ளை பசியில் சுவரில் தலையை முட்டுகிறான். நான் மில்லைப் பூட்டிவிட்டு ஆலங்குளத்துக்கே போனேன். அங்கே இவள் பந்தியில் உட்கார்ந்திருக்கிறாள். இலையில் சாதம் விழுந்துவிட்டது. "எந்தி" என்றேன். எழுந்துவிட்டாள், நல்ல மனுஷி. அப்போதுதான் அந்த சின்னத்துரை, அத்தனை பேர் முன்னால், "மாப்ள, அவனுக்கும் ஆண்டவன் கை குடுத்திருக்கான்லா? ஒரு வாய் அள்ளித் திங்கப் பழக்கினா என்ன? எந்தங்கச்சிக்கு ஒரு பந்திச் சாப்பாடு கிடையாதா?" என்று கேட்டான்.

என் பிள்ளையைக் கையில்லாதவன் என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. அன்றோடு அறுத்துவிட்டேன். அவன் என் வாசலை மிதிக்கக் கூடாது, அவன் பேர் என் வீட்டில் எழக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வடிவும் எழுப்பவில்லை. ஊட்டும்போது மட்டும்தான். மூன்று வேளையும், மூன்றாவது வாய்க்கு, "ஆலங்குளத்து மாமாவுக்கு ஒரு வாய்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்வாள். அந்தச் சண்டைக்கு முன்னால் அவன் பேர் அந்த வரிசையில் இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. கேட்டால், "மொதல்லருந்தே உண்டு" என்பாள். "மாத்திச் சொல்லு" என்றால், "புள்ள பட்டினி கெடப்பானே" என்பாள். பிள்ளைக்காகத்தானே என்று விட்டுவிட்டேன். என் சொல்லை அவள் வேறு எதிலும் மீறியதில்லை.

அவள் செத்த அன்றைக்கு அவன் வந்தான். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தெருவில் நின்றே இசக்கியிடம் கொடுத்தான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அவனாக வந்திருந்தால் தடுத்திருக்க மாட்டேன். வரவில்லை. அது அவன் திமிர்.

அதற்குப் பிறகு ஊட்டும் வேலை எனக்கு வந்தது. மில்லை மூன்று வேளையும் மூடினேன். அரைக்க வந்தவர்கள் தூக்குவாளியோடு வெயிலில் நின்று திட்டினார்கள். திட்டட்டும். மாடசாமிக்கு என்றேன், திறந்தான். தாத்தாவுக்கு என்றேன், திறந்தான். மூன்றாவதை நான் சொல்லவில்லை. இசக்கி அக்காவுக்கு என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டான். பால்காரருக்கு என்றேன். திறக்கவில்லை. நானும் பிடிவாதம் பிடித்தேன், அவனும் பிடித்தான். என் ரத்தம்தானே. கடைசியில் ஒரு நாள் கத்தினேன்: "ஆலங்குளத்து மாமாவுக்குல! உங்க மாமாவுக்கு! தின்னு!" தெருவே கேட்டிருக்கும். உடனே திறந்துவிட்டான். அன்றிலிருந்து தினமும் மூன்று வேளை அந்தப் பேரை என் வாயால் சொல்லிச் சொல்லி ஊட்டினேன். எந்தத் தகப்பன் இப்படிச் செய்வான்?

அப்படியும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. என் விரல் தடிமன், மிளகாய் நெடி போகாது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. வாயருகில் கொண்டு போனதும் தும்முவான். சோறு என் முகத்தில் தெறிக்கும். இளைத்துப்போனான். தூத்துக்குடியிலிருந்து இசக்கி வந்தாள். பார்த்ததும் அழுதாள். அழுதுவிட்டு, "எப்பா, இவன ஒரு ஹோம்ல சேப்போம். நான் விசாரிச்சிட்டேன்" என்றாள். விசாரித்துவிட்டாளாம்! அப்பன் உயிரோடு இருக்கும்போதே விசாரித்திருக்கிறாள். "அம்மா இருந்தா இதச் சொல்லுவியாட்டீ?" என்று கேட்டேன். அவள் பதிலுக்கு, "அம்மாதாம்ப்பா மொதல்ல இந்த எடத்தப் பத்தி எங்கிட்டச் சொன்னா" என்றாள். பொய். தாயி, என் மகள் நல்லவள்தான், ஆனால் காரியம் நடக்க வேண்டும் என்றால் செத்தவளையும் சாட்சிக்கு இழுப்பாள். எனக்குத் தெரியாமல் வடிவு எப்படி இதைப் பேசியிருப்பாள்? அவளிடம் போன்கூட கிடையாது. பக்கத்து வீட்டுப் போனில்தான் இசக்கியிடம் பேசுவாள்.

கடைசியில் என்னை ஒத்துக்கொள்ள வைத்துவிட்டார்கள். காரில் கூட்டிவந்தோம். அவனுக்கு ஒரே சந்தோஷம். ஜன்னலில் கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தான். நான் அவன் தலையணை, போர்வை, அவன் உட்காரும் சாக்கு, அவன் தட்டு எல்லாம் கட்டிக்கொண்டு வந்தேன். சாக்கைப் பார்த்து சிஸ்டர், "இது எதுக்கு அண்ணாச்சி?" என்றாள். "இதில உக்காந்தாத்தான் அவன் நெலையா இருப்பான்" என்றேன். வாங்கி வைத்துக்கொண்டாள். கட்டில் காட்டினாள், அலமாரி காட்டினாள். அலமாரியில் ஏற்கெனவே அவன் பேரை எழுதி ஒட்டியிருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் இன்னும் சரி என்று சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் பேர் எழுதி ஒட்டிவிட்டார்கள்.

அவனைப் பார்த்துக்கொள்ளும் ஆயா பேர் ராஜகனி. முப்பது வயதிருக்கும், எந்நேரமும் சிரித்த முகம். அவளை உட்கார வைத்து அந்தப் பேர் வரிசையைச் சொல்லிக்கொடுத்தேன். மாடசாமிக்கு, தாத்தாவுக்கு, ஆலங்குளத்து மாமாவுக்கு. திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டாள். மறுபடி சொல்ல வைத்தேன். ஒழுங்காகச் சொன்னாள். "நல்லா இருக்கு அண்ணாச்சி, எங்க வீட்டுக் கடக்குட்டிக்கும் இப்படித்தான் சொல்லணும் போல" என்று சிரித்தாள். அவள் ஊட்டப்போவதில்லை என்று அப்போதே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டாள் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சிஸ்டர் சொன்னாள், "ஒரு மாசத்துக்கு வராதீங்க அண்ணாச்சி. புள்ள எடத்துக்குப் பழகணும். நீங்க வந்தா அவன் உங்க கூடவே வரணும்னு நிப்பான்."

கிளம்பும்போது அவன் நிற்கவில்லை தாயி. அழவும் இல்லை. ராஜகனி அவனைத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போய் மோட்டாரைப் போட்டுக் காட்டினாள். அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு ஆடிக்கொண்டு நின்றான். நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். மோட்டார் சத்தத்தில் கேட்டிருக்காது.

அந்த ஒரு மாதம் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குச் சொல்லவில்லை. அது வேண்டாம்.

மாதம் முடிந்து வந்தேன். பருப்புச் சாதம் குழைய வடித்து, நெய் விட்டு, தூக்குவாளியில் கொண்டுவந்தேன். கையை மூன்று தடவை கழுவினேன், எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினேன். இதோ, இதே மரத்தடியில்தான் அவனை உட்கார வைத்தேன். என்னைப் பார்த்ததும் சிரித்து, தோளில் வந்து முட்டினான். நல்லா சதை போட்டிருந்தான். எனக்கு அப்போதே சந்தேகம், என்னத்தைக் கொடுத்து ஊதவைத்திருக்கிறார்களோ என்று. உருண்டை பிடித்து, "மாடசாமிக்கு" என்றேன். என் கையைத் தட்டிவிட்டான்.

தட்டிவிட்டான் தாயி. உருண்டை மண்ணில் விழுந்தது. நான் மறுபடி பிடித்தேன், "மாடசாமிக்கு ஒரு வாய்." என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினான். தள்ளிவிட்டு, தூக்குவாளியைத் தன் பக்கம் இழுத்து, உள்ளே கையை விட்டு அள்ளி, தானே வாயில் வைத்துக்கொண்டான். பாதி சட்டையில் கொட்டியது. மென்றுகொண்டே என்னைப் பார்த்தான்.

நான் எழுந்து கத்தினேன். "யாருல எம்புள்ளய அடிச்சது? பட்டினி போட்டாத்தான் ஒரு புள்ள இப்படி அள்ளித் திங்கும்! யாரு அடிச்சது?" சிஸ்டர் ஓடிவந்தாள், ராஜகனி ஓடிவந்தாள். அவன் பயந்து காதைப் பொத்திக்கொண்டான். ராஜகனி சொல்கிறாள், "யாரும் அடிக்கல அண்ணாச்சி. அவனாத்தான் திங்கான். வந்த மொத வாரத்திலயே அள்ளிட்டான். அவனுக்குக் கொஞ்சம் பழக்கம் இருந்துருக்கு. வெரலச் சேத்துப் பிடிக்கத் தெரியுது. வீட்ல யாரோ சொல்லிக்குடுத்திருக்காங்க."

வீட்டில் யார் இருந்தார்கள்? நானும் வடிவும்தான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தப்பை மறைக்க இப்படி ஒரு கதை. அடித்தோம், பட்டினி போட்டோம் என்றா சொல்வார்கள்?

சொல்லிக்கொடுக்க ஒருத்தி வந்தாள், அது வேறு கதை. அவனுக்கு ஆறோ ஏழோ வயது. அரசாங்கத்திலிருந்து வீடு வீடாக வரும் ஸ்பெஷல் டீச்சர், ஜெபராணி என்று பேர். புதன்கிழமை தோறும் வந்தாள். வடிவுக்கு அவளைப் பிடித்துப்போய் டீ எல்லாம் போட்டுக் கொடுப்பாள். ஒரு புதன்கிழமை நான் சாப்பிட வந்தேன். வந்து பார்த்தால் என் பிள்ளை தலையெல்லாம் சோறு, மூக்கெல்லாம் பருப்பு, தரையெல்லாம் இறைந்து கிடக்கிறது. அந்த டீச்சர் அவன் மணிக்கட்டைப் பிடித்து அள்ள வைக்கிறாள். வடிவு பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டுகிறாள். கை தட்டுகிறாள்! "என்னட்டீ இது, நாய் உழப்புன மாதிரி? எம்புள்ள என்ன பிச்சையா எடுக்கப் போறான்? அவனுக்கு ஊட்ட ஆளிருக்கு" என்றேன். அந்த டீச்சர் கொஞ்சமும் கூசாமல், "உங்களுக்கு அப்புறம் யார் சார் இருக்கா?" என்று கேட்டாள். உயிரோடு இருப்பவனைப் பார்த்து. பையை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். வடிவு துணியை நனைத்து வந்து தரையைத் துடைத்தாள். அதுதான் வடிவு. என்னை எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது.

அதற்குப் பிறகு அந்த மாதிரி அசிங்கம் என் வீட்டில் நடக்கவில்லை. நான் நடக்க விடவில்லை. எப்போதாவது மில்லில் கரண்டு போய் நேரமே வந்தால் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும். திறக்கக் கொஞ்ச நேரமாகும். தரை ஈரமாக இருக்கும், அவனுக்குச் சட்டை மாற்றியிருப்பாள். "தண்ணி கொட்டிட்டு" என்பாள். அவள் கை கொஞ்சம் பதற்றம், எதையாவது கொட்டிக்கொண்டே இருப்பாள். நான் அதற்காக ஒரு நாளும் அவளைத் திட்டியதில்லை.

ஆகவே கேட்டுக்கொள் தாயி. பதினாறு வருஷம் ஒருத்தி தன் கையால் ஊட்டியிருக்கிறாள். ஒரு கல்யாணத்தில் இருந்து சாப்பிட்டதில்லை. ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்கு ராத்தங்கியதில்லை. சொந்த அண்ணன் வீட்டுப் பந்தியில் பாதியில் எழுந்து வந்திருக்கிறாள். நேற்று வந்த ஒரு ஆயா, ஒரு வாரத்தில் அவனை அள்ளித் தின்ன வைத்துவிட்டாளாம். அப்படியானால் என் வடிவு செய்தது என்ன? வேலையத்த வேலையா? அதை எவளாவது என் முகத்துக்கு நேரே சொல்லட்டும். அதனால்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். அவனுக்கு ஊட்டியே ஆக வேண்டும். நான் ஊட்டுகிறேன். அந்தக் கடன்காரன் பேரைச் சொல்லியாவது ஊட்டுகிறேன்.

இதோ சாப்பாட்டு பெல் அடிக்கிறார்கள். வருகிறார்கள் பார். அந்த நீலச்சட்டைதான். கொம்பையா! ஏய் கொம்பையா, இங்க பாருல. அப்பா வந்திருக்கேன். வா, வீட்டுக்குப் போவோமா? மில்லுக்குப் போவோமா? வா.

பார்த்தாயா, சிரிக்கிறான். அப்பாவைத் தெரிகிறது. இல்லல, அங்க இல்ல, இங்க. கைய விடு. சட்டைய இழுக்காத. சாம்பார் வாசம் அவனை இழுக்கிறது தாயி, அதுதான். என்னையும் உள்ளே கூப்பிடுகிறான். நான் வரலை, நீ போ. போய்த் தின்னுட்டு வா.

போய்விட்டான்.

என்ன சொல்கிறாய்? போய்ப் பார்க்கவா? இரண்டு மாதமாக வருகிறேன், அன்றைக்குப் பிறகு அவன் சாப்பிடுவதை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் மாட்டேன். நீ யாரம்மா அதைச் சொல்ல? உன் பிள்ளைக்கு என்ன வயது, எட்டா? எட்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு பதினாறு வயதுப் பிள்ளையைப் பெற்றவனுக்குப் புத்தி சொல்கிறாய். இங்கே வந்து உட்கார்கிறவர்கள் எல்லாருக்கும் என்னிடம் சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது.

சரி, இரு. இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள். என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

பார்த்தேன்.

நீ இன்னும் இங்கேதான் இருக்கிறாயா? பிஸ்கட்டை யார் பாப்பா கையில் கொடுத்தது? ஒடித்துக் கீழேதான் போடும். ம், போடட்டும், உன் பிள்ளை.

ஜன்னல் பக்கம் நின்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. தரையில் அந்தச் சாக்கை மடித்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறான். அள்ளுகிறான், பாதி கீழே போகிறது. மடியெல்லாம் சோறு. இதற்குப் பேர் சாப்பாடா? ஒரு தட்டுச் சோற்றுக்கு இவ்வளவு நேரம். வடிவு என்றால் இதற்குள் ஊட்டி வாய் துடைத்துத் தூங்கவே வைத்திருப்பாள். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. ராஜகனி வேறு பிள்ளையிடம் இருக்கிறாள். யாரும் பேர் சொல்லவில்லை. மாடசாமி இல்லை, தாத்தா இல்லை, ஒருத்தரும் இல்லை. அவன் பாட்டுக்கு அள்ளுகிறான்.

அள்ளும் விதம் ஒன்று இருக்கிறது. சோற்றைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி, நாலு விரலைச் சேர்த்து, கட்டைவிரலை மடக்கி, ஒரு தட்டுத் தட்டி, அப்புறம் எடுக்கிறான். மற்றப் பிள்ளைகள் அப்படி எடுக்கவில்லை. நான் சுற்றிப் பார்த்தேன். ராஜகனி சாப்பிடும்போதும் பார்த்திருக்கிறேன், அவளும் அப்படி எடுப்பதில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒருத்திதான் எடுப்பாள்.

ஊட்டும்போது பார்த்துப் பழகியிருப்பான். வேறென்ன? பிள்ளைகள் பார்த்தே பழகும்.

முடித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான் தாயி. குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீருக்குள் நீட்டினான். சரியாகக் கழுவவில்லை, சும்மா காட்டினான். காட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்தான். ராஜகனி தூரத்திலிருந்து கை தட்டினாள். அவன் தானும் தட்டிக்கொண்டான்.

ஏன், அதை வடிவு செய்திருக்கக் கூடாதா? நீ சொல். பதினாறு வருஷம். அவன் கையில் ஒரு வாய் கொடுத்துப் பார்த்திருந்தால் அவளும் நாலு இடத்துக்குப் போய் வந்திருப்பாளே. அண்ணன் வீட்டில் பத்து நாள் இருந்திருப்பாளே. இசக்கி பிரசவத்துக்குப் போயிருப்பாளே. நான் என்ன வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்க மாட்டாள். வாயைத் திறக்க மாட்டாள். எதைக் கேட்டாலும் ஒரு "ம்". உலகத்துக்கு உருண்டை உருட்டத் தெரிந்தவளுக்கு என்னிடம் ஒரு பேச்சுப் பேசத் தெரியவில்லை. எனக்கு இப்போது அவள் மேல்தான் கோபமாக வருகிறது. செத்தவள் மேல் கோபப்படக் கூடாது, தெரியும். வருகிறது, என்ன செய்ய?

சிஸ்டர் வருகிறாள். உன்னைத்தான் கூப்பிடுகிறாள், எழுந்திரு. நான் சொன்னதை நினைவு வைத்துக்கொள். இந்த இடம் சரியில்லை. பிள்ளையை விடாதே. விட்டாலும், பாப்பாவுக்கு எதில் பயம், எதில் பிரியம் என்று அந்த ராஜகனியிடம் சொல்லிவிடு. அவள் காது கொடுத்துக் கேட்பாள். அது ஒன்று உண்டு.

நானா? சிஸ்டர், இன்னைக்கு வேண்டாம். அவனுக்குத் தின்ன அசதி, கண்ணு சொக்குது, இந்த வெயில்ல பஸ்ல ஏத்திட்டுப் போனா வாந்தி எடுப்பான். தீபாவளி வேற வருது. முறுக்கு மாவு, அதிரச மாவுன்னு மில்லுல நிக்க நேரம் இருக்காது. அவனப் பாத்துக்க ஆளில்ல. தீபாவளி கழியட்டும், வந்து கூட்டிட்டுப் போறேன். அவன் மோட்டார்ப் பக்கம் போகாம மட்டும் பாத்துக்கோங்க, கைய விட்டுருவான்.

பையைக் கொடு தாயி. ஒன்றுமில்லை, அவன் போட்டுக்கொள்ள மாற்றுச் சட்டைதான், கூட்டிப்போகக் கொண்டுவந்தேன். நாலே காலுக்கு ஒரு பஸ் இருக்கிறது, அதைப் பிடித்தால் விளக்கு வைக்க வீட்டுக்குப் போய்விடலாம். போய் உலை வைக்க வேண்டும். முன்னெல்லாம் எங்களுக்கு மாதம் ஒரு சிப்பம் அரிசி சரியாக இருக்கும். ஆவணியில் எடுத்த சிப்பத்தில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.